அண்ணன் பெயர் மேல் நீலப் பட்டை

திருமங்கலம்,
தை 22, வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜெயபாண்டி அவர்களுக்கு மாமனார் கருத்தக்கண்ணன் எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தை ஒச்சாயியும் உடம்பளவில் சுகம். கோயம்புத்தூரில் நீங்களும் மகள் மீனாவும் பேரனும் சுகமாக இருக்கக் குலசாமி துணை நிற்கட்டும். மாப்பிள்ளைக்கு எழுதும்போது வார்த்தையில் மரியாதை குறையக் கூடாது என்று உங்கள் அத்தை பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். குறையாது. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். இரண்டு மூட்டையோடு ஏறிவிட்டு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று நின்றவனைக்கூட 'வாங்க, போங்க' என்று சொல்லித்தான் இறக்கிவிட்டிருக்கிறேன். அதே மரியாதையோடுதான் இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். மூன்று தடவை முயன்றேன். இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. உடனே அத்தை வந்து, "மாப்பிள்ளைகிட்டப் பேசுற பேச்சா இது" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு, பேரனுக்குச் சளி போய்விட்டதா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறாள். நீங்களும் ஒன்றுமே நடக்காதது மாதிரி, "போயிருச்சு அத்தை" என்கிறீர்கள். ஆகவே இதைக் கையால் எழுதி, ஆரப்பாளையத்திலிருந்து கோயம்புத்தூர் வண்டியில் போகிற என் பழைய சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். கம்ப்யூட்டரில் எழுதி அனுப்பலாமே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சாமான் மேல் இப்போது போர்வை போர்த்தி வைத்திருக்கிறேன். அதன் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை.

போன தீபாவளிக்கு நீங்கள் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் வைத்தீர்கள். நான் கேட்டேனா? கேட்கவில்லை. "ரிட்டயர்டாகி சும்மாதான இருக்கீங்க மாமா, இது இருந்தா பொழுது போகும்" என்றீர்கள். பொழுது போனது வாஸ்தவம். கூடவே மானமும் போனது. வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் பங்காளிகளுக்கு நான் கண்டக்டர் இல்லை, இஞ்சினீயர். அதனால்தான் வருகிற மாசிப் பச்சைத் திருவிழாவுக்குக் கோயில் நோட்டீஸ் போடுகிற வேலை சுற்றிச் சுற்றி மறுபடியும் என் தலையில் வந்து விழுந்தது. மறுபடியும் என்று நான் சொல்வது ஏன் என்று உங்களுக்குப் பாதிதான் தெரியும். மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் குலசாமி கோயிலுக்குப் பங்காளிகள் நாற்பத்தோரு வீடு. நோட்டீஸில் நாற்பத்தோரு வீட்டுக்காரர் பெயரும் வயசுப்படி வரும். எல்லாம் ஒரே அளவு எழுத்து. ஒருவருக்குத் தடிமனாகவும் இன்னொருவருக்கு மெலிசாகவும் போட்டால் அந்த வருஷம் திருவிழா கிடையாது, பஞ்சாயத்துதான். நோட்டீஸைத் தயார் செய்கிறவன் பெயர் மட்டும் வயசு பார்க்காமல் கடைசியில் தனி வரியில் வரும். அது ஒரு பணிவு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான்தான் தயார் செய்தேன். ஜெராக்ஸ் எடுத்த இடத்தில் காகிதத்தில் மடிப்பு விழுந்து, என் கூடப்பிறந்த அண்ணன் நல்லகாமன் பெயர் இருந்த இடத்தில் மட்டும் கறுப்பாக மை பூசிவிட்டது. ஊரெல்லாம் நோட்டீஸ் போன பிறகுதான் கவனித்தேன். அண்ணன் நேரே வந்து கேட்டார். 'தெரியாம நடந்துருச்சுண்ணே' என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு. "ஒரு பேருக்கா இம்புட்டுப் பேச்சு" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். எங்கள் வீட்டு மூத்தவர் தலையில்தான் சாமிப் பெட்டி கோயிலுக்கு வர வேண்டும். சாமியின் துணிமணியும் வெள்ளிச் சாமானும் உள்ள பெட்டி அது. அண்ணன் வருவதை நிறுத்திக்கொண்டதால் ஒன்பது வருஷமாக நான் சுமக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு நிமிரும்போது கூட்டத்தில் அவர் முகம் தெரிகிறதா என்று தேடுவேன். இதை உங்கள் அத்தையிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போது அவள் அடுப்படிக்குப் போயிருப்பதால் எழுதுகிறேன்.

இந்த வருஷம் அவர் மனசு கொஞ்சம் இளகியிருந்தது. அவருடைய மருமகள் முத்துமீனா போன் செய்தாள். "சின்ன மாமா, மாமா ஒண்ணு சொல்லச் சொன்னாரு. இந்தத் தரம் தன் பேரு கண்ணாடி போடாமப் படிக்கிற மாதிரித் தெளிவா வந்துச்சுன்னா வாராராம். பெட்டியையும் அவரே தூக்குறாராம். இல்லைன்னா இனிமே அந்தப் பேச்சையே எடுக்க வேணாமாம்" என்றாள். நான் சரி என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயர் தெளிவாக வர வேண்டும், அவ்வளவுதான். அது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறார் என்று நினைத்தேன்.

நோட்டீஸை நானே ஒரு குறையில்லாமல் அடித்து முடித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நாலு நாள் ஆனது. மூன்று பத்தியாக நாற்பத்தோரு பெயர், மேலே சாமி படம், ஒரு பிழை கிடையாது. பிடிஎஃப் ஆக்கிப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். ஒருத்தரும் திறக்கவில்லை. என்னடா என்று விசாரித்தால் எல்லாம் சுருளியால் வந்த வினை. சுருளி என்பவன் எங்கள் பங்காளிகளிலேயே எது வந்தாலும் அமுக்கிப் பார்க்கிறவன். போன வருஷம் கல்யாணப் பத்திரிகை என்று யாரோ அனுப்பிய ஃபைலை அமுக்கியிருக்கிறான். அன்றிலிருந்து அவன் நம்பரிலிருந்து, எண்பத்து நாலு வயசுப் பெரியவர் உட்பட எல்லோருக்கும், உடம்பு மெலிய மருந்து வேண்டுமா என்று தானாகவே செய்தி போக ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஃபைல் என்ற பெயரில் சாமியே வந்தாலும் கதவைத் திறப்பதில்லை. "போட்டோவாப் போடுண்ணே, போட்டோன்னா பாத்துக்கிருவோம்" என்று அந்தச் சுருளியே எனக்குப் புத்தி சொல்கிறான்.

சரி, போட்டோதானே. போனை எடுத்துக் கம்ப்யூட்டர் திரையைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டேன். எனக்குத் தெரிந்த வழி அது. படத்தில் மேலிருந்து கீழ்வரை வானவில் மாதிரி கோடு கோடாக ஓடியது. அதுகூடப் பரவாயில்லை. திரைக் கண்ணாடியில் என் உருவமும் விழுந்திருக்கிறது. பனியனோடு, தலையில் ஈரத் துண்டோடு, நாற்பத்தோரு பெயருக்கும் குறுக்கே நான் நிற்கிறேன். "சாமி படத்துக்குக் கீழ என்னண்ணே ஒரு ஆவி நிக்குது" என்று சுருளி கேட்டான். அதற்கு இருபத்தாறு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அப்போதுதான் முதல் முறையாக உங்களுக்குப் போன் செய்தேன். நீங்களும் சிரித்தீர்கள், மாப்பிள்ளை. மறைக்க வேண்டாம். போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தால் இந்தப் பக்கம் கேட்காது என்று கோயம்புத்தூரில் யாரோ உங்களுக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சிரித்து முடித்துவிட்டு, பிடிஎஃபைப் படமாக மாற்றிக் கொடுக்கிற இணையதளம் ஆயிரம் இருக்கிறது, எதில் வேண்டுமானாலும் போடுங்கள் என்றீர்கள். ஒன்றில் போனேன். அதில் 'பதிவிறக்கு' என்று ஏழு இடத்தில் பச்சைப் பட்டன் இருந்தது. ஏழில் ஒன்றுதான் நிஜம். முதலாவதை அமுக்கினால் என் கம்ப்யூட்டரில் குப்பை சேர்ந்துவிட்டது, கழுவட்டுமா என்று கேட்டது. மூன்றாவதை அமுக்கினால் ஒரு பெண் வந்து ஆங்கிலத்தில் என்னோடு பேச ஆசைப்பட்டாள். அந்த நேரம் பார்த்துக் காபியோடு வந்த உங்கள் அத்தை, காபியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆறாவதில்தான் படம் வந்தது. குரூப்பில் போட்டேன். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தெல்லாம் தண்ணீரில் ஊறிப் போயிருந்தது. நாற்பத்தோரு பெயரும்தான் அப்படி இருந்தது. ஆனால் எங்கள் ஆட்களில் யார் அடுத்தவன் பெயரைப் பார்க்கிறான்? ஒவ்வொருவனும் தன் பெயரை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, 'எம் பேர மட்டும் அழிச்சிருக்கான்' என்று நாற்பது போன். அதில் முத்துமீனாவின் போனும் ஒன்று. "மாமா ஒண்ணும் சொல்லல சின்ன மாமா. மறுபடியுமான்னு மட்டும் கேட்டாரு" என்றாள். மற்றவர்கள் கத்தியதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. அந்த ஒரு சொல்தான் இன்றுவரை காதில் நிற்கிறது.

மறுபடி உங்களுக்குப் போன் செய்தேன். "டிபிஐ கம்மியா இருந்துருக்கும் மாமா. முந்நூறு வைங்க, தெளிவா வரும்" என்றீர்கள். முந்நூறுக்கே தெளிவு என்றால் மூவாயிரம் வைத்தால் அண்ணன் பெயர் மேலூர் வரைக்கும் தெரியுமே என்று மூவாயிரம் வைத்தேன். இது என் தப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். மூவாயிரம் வைக்கக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கியது. உள்ளே இருக்கிற காற்றாடி, மலையேறுகிற பழைய வண்டி மாதிரிக் கதறியது. ஒரு மணி நேரம் கழித்து வந்த படம், கனம் தாங்காமல் எதிலும் ஏற மறுத்தது. பிறகு முந்நூறுக்கு இறங்கினேன். வந்தது பாருங்கள் ஒரு படம். கண்ணாடி மாதிரி. எனக்கே கண் கலங்கிவிட்டது. அதைக் குரூப்பில் போட்டேன். போட்டதும் மறுபடி எறும்பு.

இங்கேதான் நீங்கள் சொன்ன பதிலை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "வாட்ஸ்அப் போட்டோவச் சுருக்கிரும் மாமா. தெளிவா போகணும்னா டாக்குமெண்டா அனுப்பணும்" என்றீர்கள். டாக்குமெண்டாக அனுப்பினால் அது ஃபைல். ஃபைலை எங்கள் ஆட்கள் திறக்க மாட்டார்கள். திறக்க மாட்டார்கள் என்பதால்தான் போட்டோ ஆக்கினேன். போட்டோ தெளிவாக வேண்டும் என்றால் ஃபைலாக அனுப்ப வேண்டும். மாப்பிள்ளை, நீங்கள் படித்தவர், பெரிய கம்பெனியில் இருக்கிறவர். நான் புறப்பட்ட பஸ் ஸ்டாண்டிலேயே என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அதற்கு டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிகிறதா, இல்லையா?

கடைசியாக நீங்கள் சொன்னதுதான் நேற்றுக் காலை நடந்தது. இணையதளமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், திரையில் பிடிஎஃபைப் பெரிதாக வைத்துக்கொண்டு மூன்று பட்டனை ஒரே நேரத்தில் அமுக்குங்கள், திரையில் இருப்பது அப்படியே படமாகிவிடும், எச்டி என்று ஒன்று இருக்கிறது, அதையும் தொட்டுவிட்டு அனுப்புங்கள் என்றீர்கள். செய்தேன். மற்றவர் பெயர் எப்படியோ போகட்டும், அண்ணன் பெயர் கண்ணாடி இல்லாமல் தெரிய வேண்டும் என்று பெரிதாக்கினேன். போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். நாற்பது பேரும் திரை நிறைய வந்து நின்றார்கள். ஆறாவதாக நல்லகாமன். பார்க்கவே நிறைவாக இருந்தது. மவுஸைப் பிடித்து அண்ணன் பெயர் மேல் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். ஏன் இழுத்தேன் என்று கேட்காதீர்கள். டிக்கெட் கட்டில் எங்கே விட்டேன் என்பதை விரலால் தடவிப் பார்ப்பது என் பழைய பழக்கம். தடவியதும் அந்தப் பெயர் மேல் நீலமாக ஒரு பட்டை வந்தது. நல்லது, கம்ப்யூட்டரே சரிபார்த்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மூன்று பட்டனில் இரண்டை நானும் ஒன்றை உங்கள் அத்தையும் அமுக்கினோம். படம் விழுந்தது. எச்டியையும் தொட்டேன். அனுப்பினேன்.

தெளிவு என்றால் அது தெளிவு. மூன்று வாரத்தில் முதல் முறையாக ஒருத்தரும் தன் பெயர் தெரியவில்லை என்று சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் குரூப்பே அமைதியாக இருந்தது. நான் நிம்மதியாகக் காபி குடித்தேன். அந்த ஐந்து நிமிஷமும் அவர்கள் நாற்பது பேரும் நீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் வாய் திறந்தவர் மருது. வரிசையில் மூன்றாவது பெயர் அவருடையது. பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். "என்னப்பா கண்ணா, ஆறாவது பேருக்கு நீலம் அடிச்சுருக்க. அப்ப மேல இருக்குற அஞ்சு பேரும் செத்துப் போனவங்களா? முதல் மரியாதைய வீட்டுக்குள்ளயே பேசி முடிச்சுட்டியா? அண்ணன் தம்பி சண்டைன்னு ஒம்போது வருசமா ஊர ஏமாத்துனீங்களா?" என்று கேட்டார். அதற்குக் கீழே வரிசையாக ஏறினார்கள். நீலம் போட்டவர்தான் இந்த வருஷம் கோயில் நிர்வாகம் என்று ஒருவர். இல்லை, நீலம் போட்டவரைப் பங்காளிகளிலிருந்து விலக்கிவிட்டார்கள் என்று இன்னொருவர். நாங்கள் எந்த விதத்தில் குறைச்சல், எங்கள் வீட்டுக்கும் நீலம் வேண்டும் என்று எட்டு வீடு. "எனக்கும் எதாச்சும் ஒரு கலரு அடிண்ணே, எதுன்னாலும் பரவால்ல" என்று சுருளி. மூன்று பேர் குரூப்பை விட்டே வெளியேறினார்கள். அதில் ஒருவர், தான் வெளியேறியதை யாரும் கவனிக்கவில்லை என்று மறுபடி உள்ளே வந்து, சொல்லிவிட்டு வெளியேறினார்.

நான் பதறிப்போய் அந்தப் படத்தை அழித்தேன். அழித்துவிட்டு, "படம் நீக்கப்பட்டது, யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்" என்று எழுதினேன். "நீக்கலையே, இந்தா இருக்கே" என்றார்கள். என் போனில் இல்லை. "இல்லவே இல்லை" என்றேன். "இருக்கு" என்றார்கள். "பொய் சொல்லாதீங்க" என்று நானும் கொஞ்சம் தடிப்பாகப் பேசிவிட்டேன். விசாரித்ததில் எனக்கு மட்டும் அழி, எல்லோருக்கும் அழி என்று இரண்டு இருக்கிறதாம். நான் எனக்கு மட்டும் அழித்திருக்கிறேன். ஆக, ஊர் பூராவும் பார்க்கிற என் தப்பு, எனக்கு மட்டும் தெரியாது. இப்படி ஒரு பட்டனை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான் மாப்பிள்ளை? உங்கள் கம்பெனியில் உங்களோடு உட்கார்ந்திருக்கிறவனா? அவனுக்குப் பங்காளிகள் உண்டா?

இத்தனை பேர் கத்தியும் ஒருத்தர் மட்டும் கத்தவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து நேற்று முழுக்க ஒரு வார்த்தை இல்லை. முத்துமீனா படத்தைப் பார்த்துவிட்டாள் என்பது தெரிகிறது. பதில் இல்லை. நானாகப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அவருடைய கோபம் எனக்குத் தெரியும். கத்தினால் கோபம் பாதி, பேசாமல் இருந்தால் முழுசு. ஊர் முன்னால் தன் பெயரைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டேன் என்று நினைத்திருப்பார். அன்றைக்குக் கறுப்பு, இன்றைக்கு நீலம். எனக்கு வயசு அறுபத்து மூன்று, அவருக்கு அறுபத்தெட்டு. இன்னும் ஒன்பது வருஷம் பேசாமல் இருக்க எங்கள் இரண்டு பேரிடமும் அவ்வளவு வருஷம் இருக்கிறதா என்று தெரியவில்லை. இந்த இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. கோபத்தில்தான்.

ஆகவே மாப்பிள்ளை அவர்கள் தயவுசெய்து கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தச் சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வந்து, இந்தக் கம்ப்யூட்டரை வந்த வழியே ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள். கூடத்தில் அது இருந்த இடத்தில் உங்கள் அத்தை தையல் மெஷினைப் போட்டுக்கொள்வாள். அதில் துணியைக் கொடுத்தால் துணிதான் வரும். நோட்டீஸ் வேலையிலிருந்து நான் விலகிவிட்டேன் என்று மருதுவிடம் சொல்லப் போகிறேன். பெட்டியையும் இந்த வருஷம் நான் தூக்கப் போவதில்லை. யார் பெயர் வேண்டுமானாலும் எந்தக் கலரில் வேண்டுமானாலும் வரட்டும். இனிமேல் என் காதுபட டிபிஐ என்ற சொல்லை யாரும் உச்சரிக்கக் கூடாது. மீனா வருத்தப்படுவாள் என்று தெரியும். அவளிடம் அப்பாவுக்கு உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள். அது பொய் என்றாலும் சொல்லுங்கள்.

பேரன் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி வளரட்டும். மீனாவுக்கு என் அன்பு. உங்களுக்கு நீண்ட ஆயுளும், போனில் மாமனார் சொல்வதைச் சிரிக்காமல் கேட்கிற பொறுமையும் வாய்க்க எங்கள் குலசாமியை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
கருத்தக்கண்ணன்.

பின்குறிப்பு: சாயங்காலம் நாலு மணி. மேலே உள்ளதை மடித்து உறையில் போட்டு ஒட்டப் போகும்போது வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. "என்னடா, வீட்டுலதான் இருக்கியா" என்று குரல். ஒன்பது வருஷம் ஆனாலும் அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்துவிட்டது. "வாண்ணே" என்றேன். உங்கள் அத்தை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, கக்கத்திலிருந்து ஒன்றை எடுத்தார். அந்தப் படம்தான். பெரிய காகிதத்தில் பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்து கொண்டுவந்திருக்கிறார். நேற்று முழுக்க அதற்காகத்தான் உசிலம்பட்டிக்கு அலைந்திருக்கிறார். முத்துமீனாவையும் போனோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாராம்.

"அன்னைக்குக் கறுப்படிச்சதுக்கு இன்னைக்கு நீலம் அடிச்சு ஊருக்கே காட்டிட்ட" என்றார். "வாயத் தொறந்து தப்புன்னு சொல்ல மாட்ட. அது உன் கொணம், எனக்குத் தெரியாதா. மருது போன் போட்டுக் கத்துனான். எந் தம்பி எனக்கு அடிச்சான், உனக்கு என்னய்யா வலிக்குதுன்னு கேட்டு வச்சுட்டேன்." அது நான் அடித்ததில்லை, மவுஸ் இழுத்ததில் வந்தது என்று சொல்ல வாய் திறந்தேன். அவருக்குப் பின்னால் நின்ற உங்கள் அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அவர் படத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, "எல்லாம் சரி, இதுல உம் பேரு எங்கடா?" என்றார். கடைசியில் இருக்கும் என்றேன். "கடைசில சுருளி பேருதான் இருக்கு. நானும் முத்துமீனாவும் மூணு தரம் தேடிட்டோம்" என்றார். குனிந்து பார்த்தேன். இல்லை. அண்ணன் பெயரைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசி வரியில் இருந்த என் பெயர் திரைக்குக் கீழே போயிருக்கிறது. "உம் பேரு இல்லைன்னு இம்புட்டுப் பேருல ஒருத்தன்கூடக் கேக்கலையா?" என்றார். "நானே கவனிக்கலண்ணே" என்றேன். அவர் படத்தை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு, "உம் பேரு இல்லாத நோட்டீஸுக்கு நான் பெட்டி தூக்க மாட்டேன். மறுபடி போடு" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே நான் எழுதியது எதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். தனியாக இருக்கும்போது படித்துவிட்டு இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அந்த நீலம் தெரியாமல் வந்தது என்று இதில் எழுதியிருக்கிறது, அது நம்மைத் தாண்டிப் போகக் கூடாது. சனிக்கிழமை அவசியம் வாருங்கள். கம்ப்யூட்டரை எடுக்க வேண்டாம், போர்வையை எடுத்துவிட்டேன். அண்ணன் இப்போது அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். தம்பி பெயர் மேலும் அதே மாதிரி நீலம் அடிக்க வேண்டும், எப்படி அடித்தாய், சொல்லு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் அரை மணி நேரமாக இழுத்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.